யூனிட் இரண்டரை ரூபாயாம்! அது யார் வீட்டுக் கணக்கு?



சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய், காற்றாலை மின்சாரம் மூன்று ரூபாய், இவ்வளவு மலிவா மின்சாரம் கொட்டிக் கிடக்கும்போது மின்வாரியம் கடனில் முழுகுதுன்னா அதுக்குக் காரணம் விவசாயிக்குக் கொடுக்கிற இலவச மின்சாரம்தான். இப்படி ஒரு பேச்சு கொஞ்ச நாளாக ஊரெல்லாம் சுற்றுது. பேப்பரில் எழுதுறாங்க, டி.வி.யில் உட்கார்ந்து பேசுறாங்க. கோட்டும் சூட்டும் போட்டவர் சொன்னால் நம்ம பையன்களே நம்புறாங்க. "ஏம்ப்பா, நாமதான் நாட்டைக் கெடுக்கிறோமா?" என்று வீட்டுக்குள்ளேயே கேட்கிறான்.

அதனால் இந்தத் துண்டறிக்கையில் கோஷம் குறைவு, கணக்கு அதிகம். பொறுமையாகப் படிங்க. நாம் காற்றாலைக்கும் எதிரி இல்லை, சோலாருக்கும் எதிரி இல்லை. நிலக்கரிச் சாம்பலைத் தின்று வாழணும் என்று நமக்கு வேண்டுதலும் இல்லை. மலிவு மலிவு என்கிறாங்களே, அந்த மலிவுக்கு மீதிப் பணத்தை யார் கட்டுறாங்க? நம்ம கேள்வி அது ஒன்றுதான்.

தக்காளியும் கரண்டும்

தக்காளி போட்டவனுக்கு இது ஒரே நிமிஷத்தில் புரியும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் காய்ப்பு வந்தால் கிலோ மூன்று ரூபாய்க்குப் போகாது. ரோட்டோரம் கொட்டிட்டு வர்றோம். அதே தக்காளி வரத்து இல்லாத மாசத்தில் அறுபது எழுபதுக்கு விற்குது. "தக்காளி கிலோ மூன்று ரூபாய்" என்று கொட்டின நாளின் விலையை எழுதி வைத்துக்கொண்டு, வருஷம் பூரா அந்த விலைக்குச் சோறு ஆக்குகிறேன் என்று ஒருத்தன் சொன்னால் சிரிப்போமா மாட்டோமா?

சோலார் மின்சாரம் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வர்ற வெள்ளாமை. உச்சி வெயிலில் எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் காய்க்குது. அப்போது மின்சாரச் சந்தையில் விலை இறங்கிக் கிடக்கும். பொழுது இறங்கி, வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் ஏ.சி.யும் போட்ட பிறகு அதே சந்தையில் விலை ஏறுது. எவ்வளவு ஏறும்? 2023-லிருந்து யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமே உச்சவரம்பு கட்டி வைக்க வேண்டியதாச்சு. கோடையில் பல நாள் ராத்திரி அந்த வரம்பைத் தொட்டது. பகல் யூனிட் வேறு சரக்கு, ராத்திரி யூனிட் வேறு சரக்கு. இரண்டுக்கும் ஒரே சீட்டு ஒட்டி "இரண்டரை ரூபாய்" என்று விற்பது என்ன நியாயம்?

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. அந்த மாதிரி நாளில் சூரியன் இறங்கின பிறகு வேண்டிய மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையம் நெருப்பை அணைக்காமல் காத்திருக்கணும். காத்திருக்கிற நிலையத்துக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் என்று ஒன்று கொடுக்கணும். அந்தக் கட்டணம் சோலார் கணக்கில் ஏறாது. மின்வாரியத்தின் தலையில் ஏறும். அங்கிருந்து நம்ம தலைக்கு இறங்கும்.

பேட்டரி வருது, எல்லாம் சரியாகும் என்கிறாங்க. வரட்டும். 2022-ல் மத்திய அரசு நிறுவனம் ஏலம் விட்டபோது ஒரு மெகாவாட் பேட்டரிக்கு மாச வாடகை 10 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய். அப்புறம் அது பாதிக்கும் கீழே இறங்கியது, அதையும் மறைக்காமல் சொல்றோம். ஆனால் தக்காளியைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் கிடங்கு வாடகையைத் தக்காளி விலையோடு சேர்த்துத்தானே சொல்லணும்?

காற்று யாருக்கு வீசுது?

ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய். இந்த மூன்று வாசல் வழியாக மேல்காற்று நுழையுது. முப்பந்தலிலிருந்து கயத்தாறு, தென்காசி, இந்தப் பக்கம் உடுமலை, பல்லடம் வரைக்கும் காற்றாடி சுத்துது. நாட்டிலேயே முதலில் காற்றாலை வைத்த மாநிலங்களில் நம்மது ஒன்று. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் ஆரம்பித்தது. பெருமைதான்.

ஆனால் வைகாசி பிறந்து புரட்டாசி முடியிற வரைக்கும்தான் காற்றுக்குப் பெரிய வேலை. மீதி மாசத்தில் காற்றாடி நின்று காக்காய் உட்காரும் இடமாயிடும். ஆடிக் காற்றில் உற்பத்தியான மின்சாரத்தை மில் முதலாளி மின்வாரியத்தில் "போட்டு வைத்து", காற்று இல்லாத மாசத்தில் எடுத்துக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. பேங்கிங் என்று பேர். நீங்களும் நானும் அறுவடைக் காலத்தில் மூட்டை 900 ரூபாய்க்கு விற்கும் நெல்லைக் கிடங்கில் போட்டுவிட்டு, பங்குனியில் 1,500 விற்கும்போது மூட்டைக்கு மூட்டை திருப்பி வாங்கிக்கலாம் என்று யாராவது சொல்வாங்களா? இவங்களுக்குச் சொன்னாங்க. அதுக்குக் கூலியாகக் கொஞ்சம் யூனிட்டைப் பிடித்துக்கொண்டாங்க. பழைய காலத்தில் 5 சதவீதம், பிறகு 12, அப்புறம் 14. 2018 மார்ச் 31-க்குப் பிறகு வந்த புதுக் காற்றாடிகளுக்கு இந்த வசதி இல்லை என்று ஆணையம் நிறுத்தியது. முப்பது வருஷம் கழித்து! அத்தனை வருஷமும் காற்றில்லாத மாசத்தில் வெளியிலிருந்து ஏறின விலைக்கு வாங்கி அந்த இடத்தை நிரப்பியது மின்வாரியம். அந்த நட்டத்துக்கும் கடைசியில் பெயர் என்ன வைத்தாங்க? இலவச மின்சாரச் சுமை!

இன்னொன்று. முப்பந்தல் மாதிரி முதல்தரக் காற்று வீசுற இடத்தில் பழைய 225, 250 கிலோவாட் சிறு காற்றாடிகள் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தன. இப்போது ஒரே காற்றாடி 2, 3 மெகாவாட்டுக்கு வருது. பழசைக் கழற்றிப் புதுசு வைத்தால் புதிதாக நிலம் எடுக்காமலே பல மடங்கு மின்சாரம் வரும். அதுக்கான கொள்கையை மாநில அரசு 2024-ல்தான் கொண்டுவந்தது. அதுவரைக்கும் நல்ல காற்று வீணாச்சு, புதுக் காற்றாடி நம்ம காட்டைத் தேடி வந்தது.

ஒப்பந்தம் போட்ட மாசத்தைப் பாருங்க

2014 செப்டம்பரில் சோலாருக்கு யூனிட் 7 ரூபாய் 1 பைசா என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை வைத்தது. கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு 2015 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது அந்த விலையை வைத்துத்தான். அதே 2015 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் விட்டாங்க. 5 ரூபாய் 5 பைசாவுக்கு ஆள் வந்தது. இரண்டே வருஷம், 2017 ஜூலை, தமிழ்நாட்டிலேயே ஏலம் விட்டாங்க. 3 ரூபாய் 47 பைசா!

அப்போது தகடு விலை அதிகம் என்று சொல்வாங்க. வாஸ்தவம், தகடு விலை வேகமாக விழுந்தது. ஆனால் மத்தியப் பிரதேசத்துக்கு மட்டும் தகடு வேறு கடையிலா கிடைத்தது? ஒரே மாசம், 1 ரூபாய் 96 பைசா வித்தியாசம். 100 மெகாவாட் சோலார் வருஷத்துக்குச் சுமார் 16 கோடியே 60 லட்சம் யூனிட் கொடுக்கும். பெருக்கிப் பாருங்க. 100 மெகாவாட்டுக்கு வருஷம் 32 கோடி ரூபாய்க்கு மேல். ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு. இந்தப் பணத்தில் எத்தனை மோட்டாருக்கு இலவச மின்சாரம் கொடுத்திருக்கலாம் என்று நாம் கேட்டால் அரசியல் பேசுறோம் என்பாங்க. கூட்டல் பெருக்கல் பேசுறோம் ஐயா.

கம்பி போற பாதை

இனி நம்ம நெஞ்சில் இறங்கின இரும்புக்கு வருவோம். மின்சாரத்தை எங்கோ உற்பத்தி பண்ணி எங்கோ கொண்டு போகணும். "நிலையத்து வாசலில் யூனிட் இரண்டரை" என்பதில் அந்த வழிச் செலவு கிடையாது. 2025 ஜூன் 30-க்குள் உற்பத்தி தொடங்கின சோலார், காற்றாலைத் திட்டங்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும் கம்பிக் கட்டணம் 25 வருஷத்துக்குத் தள்ளுபடி. தள்ளுபடி என்றால் யாரும் கட்டவில்லை என்று அர்த்தமா? அவங்க கட்டாததை மற்ற எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுறோம்.

சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரைக்கும் 1,700 கிலோமீட்டருக்கு மேல் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டக் கம்பி. 6,000 மெகாவாட். நிலக்கரி மின்சாரம் தெற்கே வரும், தெற்கே காற்று கூடினால் காற்றாலை மின்சாரம் அதே கம்பியில் வடக்கே போகும். இதையும் இதோடு சேர்ந்த மற்றக் கம்பிகளையும் இழுக்கத்தான் 2017, 2018-ல் தர்மபுரி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை என்று கொங்கு மண்டலம் பூரா நம்ம நிலத்துக்குள் போலீஸ் துணையோடு இறங்கினாங்க. எந்தச் சட்டத்தில்? 1885-ம் வருஷத்து வெள்ளைக்காரன் தந்திச் சட்டத்து அதிகாரம், மின்சாரச் சட்டம் 2003-ன் 164-வது பிரிவு வழியாக! தந்தியே 2013-ல் நின்று போச்சு. தந்திக்குப் போட்ட சட்டம் மட்டும் நம்ம தென்னந்தோப்பில் நின்றது.

புகளூரிலிருந்து திருச்சூருக்கு ஒரு கம்பி போகுது. 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் கோபுரம். கேரளாவுக்குள் கொஞ்ச தூரம் போனதும் சுமார் 27 கிலோமீட்டருக்குப் பூமிக்கு அடியில் கேபிள்! அங்கே வீடும் மரமும் நெருக்கம், எதிர்ப்பு பலம். நம்ம பக்கம் வெறும் விவசாயிதானே என்று நினைத்தாங்க. பூமிக்கடியில் போட்டால் செலவு பல மடங்கு என்றாங்க. செலவு யாருக்கு? கோபுரமாகப் போட்டால் செலவு இல்லாமல் போயிடுமா? அது நம்ம பட்டாவுக்கு மாறுது, அவ்வளவுதான்.

400 கிலோவோல்ட் கம்பிக்குப் பாதை அகலம் 46 மீட்டர். ஒரு தோட்டத்தை நூறு மீட்டர் தாண்டினாலே ஒரு ஏக்கருக்கு மேல் அதன் பிடியில் போயிடும். அதில் தென்னை கூடாது, வீடு கூடாது, சாளை கூடாது. இதை எழுதுகிறவனின் தோட்டத்திலும் கம்பி போகுது. அப்பா நட்ட 38 தென்னை. ஒரே பகலில் மெஷின் வைத்து அறுத்தாங்க. காய் பறிக்கிற வயசில் இருந்த மரம். பாளை விரிந்தபடியே விழுந்ததை அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பயிருக்கும் மரத்துக்கும் காசு கொடுத்தாங்க. நிலத்தின் மதிப்பு போனதுக்குக் கொடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பூமியை வைத்துக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கம்பிக்குக் கீழ இருக்கிறதை விட்டுட்டு மீதி எவ்வளவுங்க?" என்றார். ராத்திரி டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பிக்கு அடியில் நின்றால், ஒயர் இல்லாமலே மினுக்குமினுக்கென்று எரியுது. பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை. எனக்கு வயிற்றில் புளி கரைக்குது.

2015-ல் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினாங்க. கேட்க இனிப்பாக இருக்குது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். கைடுலைன் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஏக்கர் 40 லட்சம் விற்கிற பூமிக்கு 6 லட்சம் என்று எழுதுவாங்க. 2018-ல் மரம் இழந்தவனுக்கு 2024-ன் 200 சதவீதத்தில் ஒரு பைசா கிடையாது.

இன்னொரு கேள்வி. வீட்டுக்கு வாடகை உண்டு. காற்றாடி நிற்கிற இடத்துக்குக் குத்தகை உண்டு. மொட்டைமாடியில் செல்போன் டவர் வைத்தால் மாசாமாசம் பணம் வருது. மின் கோபுரத்துக்கு மட்டும் ஏன் வருஷ வாடகை கிடையாது?

தண்ணீரும் கரும்பும்

நீர்மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிடுறோம். பைக்காரா 1932, மேட்டூர் அணை 1934. முதல் போட்டு எடுத்து முடிந்த பழைய நிலையங்கள். எல்லாவற்றிலும் மலிவு இதுதான், நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குந்தாவில் சுற்றும் தண்ணீர் பில்லூர் வழியாகப் பவானிசாகருக்கு வரணும். மின்சாரத் தேவைக்கு ஏற்றபடி திறப்பதா, பாசனத்துக்கு ஏற்றபடி திறப்பதா என்று வரும்போது யார் ஜெயிக்கிறாங்க என்பதைக் கீழ்பவானி விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டாம். மிஞ்சின மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து ராத்திரி இறக்குகிற திட்டம் ஆழியாறு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் இருக்குது. நாலு யூனிட் போட்டு ஏற்றினால் மூன்று யூனிட் கிடைக்கும். பேட்டரிக்கு மாற்றாக இது நல்ல யோசனை. அதே மாதிரி குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் சொன்ன காலத்தைத் தாண்டிப் பல வருஷம் இழுத்தது. இழுத்த வருஷத்து வட்டியும் யூனிட் விலைதான்.

கரும்பு விஷயம் நம்ம வயித்தெரிச்சல். 100 டன் கரும்பு ஆட்டினால் சுமார் 30 டன் சக்கை வருது. அதை எரித்து ஆலைக்காரர் மின்சாரம் எடுக்கிறார், மின்வாரியத்துக்கு விற்கிறார். "பசுமை மின்சாரம்" என்று சர்டிபிகேட் வேறு. வெட்டுக்கூலி நம்மது, உரம் நம்மது, பன்னிரண்டு மாசம் தண்ணி பாய்ச்சினது நாம். கரும்பு விலையோ சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துத்தான். சக்கைக்கு ஏதாவது உண்டா? சர்க்கரை, சக்கை, மொலாசஸ், கழிவு மண் என்று எல்லா வருமானத்திலும் 70 சதவீதம் விவசாயிக்குப் போகணும் என்று 2012-ல் ரங்கராஜன் குழு சொன்னது. 2018-ல் தமிழ்நாட்டில் வருவாய்ப் பங்கீடு என்று சட்டமே போட்டாங்க. மாநிலம் அறிவித்துக்கொண்டிருந்த பரிந்துரை விலை போனதுதான் மிச்சம். சக்கை மின்சாரம் மலிவு என்றால் அந்த மலிவைத் தாங்குவது கரும்புக்காரன்தான்.

அப்படின்னா எதுதான் மலிவு?

மோட்டார் வரைக்கும் வந்து சேர்கிற விலையைப் பாருங்க. தொலைவிலிருந்து வர்ற மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்து பதினைந்து யூனிட் வழியிலேயே சூடாகிப் போயிடுது. நம்ம ஊர் சப்-ஸ்டேஷன் பக்கத்திலேயே, புறம்போக்கிலோ விளையாத பூமியிலோ, ஐந்து மெகாவாட் சோலார் வைத்து, விவசாய லைனுக்கு நேராகப் பகலில் கொடுத்தால் என்ன? பாசனத்துக்கு ராத்திரி மின்சாரமே தேவையில்லை! நமக்கு மட்டும்தான் சூரியனோடு சண்டை இல்லாத தேவை. பேட்டரி வேண்டாம், கோபுரம் வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வருதென்று டார்ச் லைட்டோடு போய்ப் பாம்புக் கடியில் செத்தவங்க கணக்கை எந்த நிபுணராவது யூனிட் விலையில் சேர்த்தாரா?

மகாராஷ்டிராவில் இதைச் செய்யுறாங்க. 2017-ல் ஆரம்பித்து 2023-ல் பெரிதாக்கினாங்க. யூனிட் 3 ரூபாய்க்குப் பக்கம். நிலம் கொடுக்கிற விவசாயிக்கு எக்டேருக்கு வருஷம் 1 லட்சத்து 25 ஆயிரம் குத்தகை, வருஷாவருஷம் 3 சதவீதம் ஏற்றம். குஜராத்தில் டுண்டி என்ற ஊரில் ஆறு விவசாயிகள் கூட்டுறவு சங்கம் வைத்து, மோட்டார் ஓட்டினது போக மிஞ்சின சோலார் மின்சாரத்தை 2016 முதல் மின்வாரியத்துக்கே விற்றாங்க. வாசலில் பார்த்தால் 3 ரூபாய் இரண்டரையை விட அதிகம். மோட்டாருக்கு வந்து சேரும்போது இதுதான் மலிவு.

நம்ம பக்கத்துத் தவறையும் சொல்லணும். மின்சாரம் சும்மா வருதென்று ஆயிரம் அடி போர் போட்டு, வாய்க்கால் நிறைய விட்டுட்டுத் தூங்குறவங்க நம்மிலும் உண்டு. மிஞ்சின யூனிட்டுக்குக் காசு கிடைக்கும் என்றால் அவனும் மோட்டாரை நிறுத்துவான். மீட்டர் வைத்து மிரட்டினால் நிறுத்த மாட்டான், சண்டைக்குத்தான் வருவான்.

மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தாங்க நம்ம முன்னோர். 1972 ஜூலை 5-ம் அதே ரத்தம். அப்புறம்தான் 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003-ல் பிடுங்கினாங்க. 2004 தேர்தலில் வாங்கின அடியில் திருப்பிக் கொடுத்தாங்க. இப்போது ஸ்மார்ட் மீட்டர், மின்சாரத் திருத்த மசோதா என்று வேறு வாசல் வழியாக வர்றாங்க. 2022-ல் கொண்டுவந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போனது, 2025 அக்டோபரில் புது வரைவு வந்தது. எல்லாவற்றிலும் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான்: விவசாயி முழு விலை கொடு! கொடுக்கிறோம். அதுக்கு முன்னால் எங்க நிலத்து வாடகையையும், சக்கைப் பங்கையும், வெட்டின தென்னையையும் கூட்டிக் கழித்து முழு விலை எவ்வளவு என்று சொல்லுங்க.

இந்த மாசம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லோரும் ஒன்றாகப் போறோம். கோபுரமோ கம்பியோ போற தோட்டத்துக்காரங்க பட்டா நகல், வெட்டின மரங்களின் எண்ணிக்கை, இதுவரை வாங்கின தொகைக்கான சீட்டு எடுத்து வாங்க. மோட்டார் சர்வீஸ் வைத்திருப்பவங்க சர்வீஸ் நம்பரையும், மும்முனை மின்சாரம் எந்தெந்த நேரத்தில் வருதென்று பதினைந்து நாளைக்கு ஒரு நோட்டில் குறித்தும் கொண்டு வாங்க. கரும்புக்காரங்க ஆலை ரசீதை மறக்காதீங்க. பெண்கள் அவசியம் வரணும், பட்டா பாதிப் பேருக்கு அவங்க பேரில்தான் இருக்குது. கம்பிக்கு அடியில் பூமி இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு டியூப் லைட்டும் எடுத்து வாங்க. கலெக்டர் ஆபீசில் அது எரியாது. எங்கே எரியும் என்று அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.